கொரட்டூர் பள்ளிக்கு விருது கிடைக்குமா? '100 சதவீத' பேனர் சொல்லாத கணக்கு

மே மாதம். பிளஸ் 2 ரிசல்ட் வந்து ரெண்டு நாள் ஆகியிருக்கும். கொரட்டூர் ரயில் நிலையத்தில் இறங்கி எந்தப் பக்கம் நடந்தாலும் பேனர்கள் கண்ணில் படும். டாப்பர்களின் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, பக்கத்திலேயே மார்க், அதற்கு மேலே கொட்டை எழுத்தில் '100 சதவீதத் தேர்ச்சி', கீழே 'அட்மிஷன் நடைபெறுகிறது'. முக்கால்வாசி தனியார் பள்ளிகளுடையது. அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு ஷேர் ஆட்டோ பிடிக்க நிற்கும் அப்பாவும் அம்மாவும் அதைப் பார்த்துத்தான் 'எது நல்ல ஸ்கூல்' என்று முடிவு பண்ணுகிறார்கள்.

அந்தக் கேள்விக்கு அரசும் ஒரு பதில் வைத்திருக்கிறது. பேனர் வழியாக இல்லை, விருது வழியாக. சிறந்த பள்ளிக்குக் கேடயம், சிறந்த தலைமை ஆசிரியருக்குப் பாராட்டுச் சான்றிதழ், நூறு சதவீதத் தேர்ச்சி காட்டிய பள்ளிக்கு மேடையில் பொன்னாடை. எல்லாம் நல்ல விஷயம்தான். ஆனால் அந்த மேடையில் ஏறுவது யார், கீழேயே நின்றுவிடுவது யார் என்று பார்த்தால் ஒரு சிக்கல் தெரியும்.

சுருக்கமாகச் சொன்னால் இதுதான்: நம்முடைய விருதுகள் ஒரு பள்ளி எந்த உயரத்தில் நிற்கிறது என்று பார்க்கின்றன. அது எங்கிருந்து ஏறி வந்தது என்று பெரும்பாலும் பார்ப்பதில்லை.

என்னென்ன விருதுகள் இருக்கு?

முதலில் பட்டியலைப் பார்த்துவிடலாம்.

பேராசிரியர் அன்பழகன் விருது: பள்ளிக்கே தரப்படுவது. படிப்போடு மற்ற செயல்பாடுகளையும் சேர்த்துப் பார்த்துச் சிறந்த அரசுப் பள்ளிகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். முன்னாள் கல்வி அமைச்சர் க.அன்பழகனின் பெயரில் இது வழங்கப்படுகிறது. நுங்கம்பாக்கம் டி.பி.ஐ. வளாகத்துக்கு இப்போது இருப்பதும் அவர் பெயர்தான்.

அறிஞர் அண்ணா தலைமைத்துவ விருது: தலைமை ஆசிரியர்களுக்கானது. மாநிலம் முழுக்க 100 பேர். அவர்கள் பள்ளியின் மேம்பாட்டுக்கு தலா 10 லட்சம் ரூபாய்.

2025 ஜூலையில் திருச்சியில் நடந்த விழாவில் துணை முதல்வர் உதயநிதி ஸ்டாலின் இந்த ரெண்டு விருதுகளையும் வழங்கினார். அன்பழகன் விருது பெற்றவை 76 பள்ளிகள்.

டாக்டர் ராதாகிருஷ்ணன் விருது: எல்லோருக்கும் தெரிந்த 'நல்லாசிரியர் விருது'. செப்டம்பர் 5 ஆசிரியர் தினத்தில் கொடுப்பார்கள். வெள்ளிப் பதக்கம், சான்றிதழ், 10,000 ரூபாய்.

காமராஜர் விருது: அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்த மாணவர்களுக்கு. மாவட்டத்துக்கு 10-ம் வகுப்பில் 15 பேர், பிளஸ் 2-வில் 15 பேர்.

இது போக, பொதுத்தேர்வில் நூறு சதவீதத் தேர்ச்சி காட்டிய அரசுப் பள்ளிகளுக்குத் தனியாகப் பாராட்டு விழா உண்டு. 2024-ல் பிளஸ் 2-வில் 397 அரசுப் பள்ளிகளும், 10-ம் வகுப்பில் 1,364 அரசுப் பள்ளிகளும் நூறு சதவீதம் எடுத்தன. 2025-ல் அது 436 ஆகவும் 1,867 ஆகவும் உயர்ந்தது.

ஒன்றிய அரசுக்கும் தன் பங்குக்கு ஒரு திட்டம் இருக்கிறது. 2022 செப்டம்பர் 5 அன்று அறிவிக்கப்பட்ட 'பி.எம். ஸ்ரீ' திட்டத்தில் நாடு முழுக்க 14,500 பள்ளிகளை 'முன்மாதிரி' ஆக்குவதாகச் சொன்னார்கள். அதில் சேர தேசியக் கல்விக் கொள்கையை ஏற்க வேண்டும் என்பதால் தமிழ்நாடு கையெழுத்துப் போடவில்லை. சமக்ர சிக்ஷா நிதியில் 2024-25-க்கு வரவேண்டிய 2,152 கோடி ரூபாய் நின்றுபோனதாக மாநில அரசு புகார் சொன்னது. விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போனது. 'நல்ல பள்ளி' முத்திரையோடு பணமும் அரசியலும் சேர்ந்தேதான் வரும் என்பதற்கு இது ஒன்றே போதும்.

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிகள் 37 ஆயிரத்துக்கும் மேலே. அதில் 76 என்றால் கிட்டத்தட்ட 500 பள்ளிக்கு ஒன்று. ஆக, அன்பழகன் விருது கிடைப்பது அபூர்வம். சாதாரணப் பள்ளி நிஜமாக எட்டிப் பிடிக்கக் கூடிய ஒரே அங்கீகாரம் அந்த நூறு சதவீதம்தான். அதனால்தான் அதன் கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நூறு சதவீதம் எதுல நூறு?

தேர்ச்சி சதவீதம் எப்படிக் கணக்காகிறது? பாஸ் ஆனவர்களை, தேர்வு எழுதியவர்களால் வகுக்கிறார்கள். கவனிக்க வேண்டிய சொல் 'எழுதியவர்கள்'. பதிவு செய்தவர்கள் இல்லை. ரெண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்களும் இல்லை.

2023 மார்ச் 13 நினைவிருக்கிறதா? பிளஸ் 2 தேர்வு தமிழ்த் தாளோடு தொடங்கிய நாள். முதல் நாளே 50,674 பேர் ஆப்சென்ட் என்ற செய்தி வந்து சட்டமன்றம் வரைக்கும் பேச்சானது. பிளஸ் 1 தேர்வுக்கே வராமல் போனவர்களின் பெயர்களும் பட்டியலில் தொடர்ந்ததுதான் முக்கியக் காரணம் என்று விளக்கம் சொல்லப்பட்டது.

அந்த வருஷம் ரிசல்ட் வந்தபோது மாநிலத் தேர்ச்சி 94.03 சதவீதம். எழுதியவர்கள் 8,03,385 பேர். பாஸ் ஆனவர்கள் 7,55,451 பேர். கணக்கு சரி. ஆனால் வராமல் போன அந்த ஐம்பதாயிரம் பேரை வகுக்கும் எண்ணில் சேர்த்தால், சதவீதம் 90-க்குக் கீழே இறங்கிவிடும். தேர்ச்சி விகிதத்தைப் பொறுத்தவரை அந்தப் பிள்ளைகள் ஃபெயில் ஆனவர்கள் இல்லை. அவர்கள் கணக்கிலேயே இல்லை.

மாநில அளவில் இது ஒரு புள்ளிவிவரச் சிக்கல். பள்ளி அளவில் இது ஒரு தூண்டில். 60 பேர் இருக்கும் வகுப்பில் 55 பேர் உறுதியாகப் பாஸ் ஆவார்கள், 5 பேர் சந்தேகம் என்று வைத்துக்கொள்வோம். அந்த 5 பேரையும் உட்காரவைத்துச் சாயந்திரம் ஆறு மணி வரை சொல்லிக்கொடுப்பது ஒரு வழி. 'இவன் தேற மாட்டான், டிசி வாங்கிக்கோங்க, பிரைவேட்டா எழுதட்டும்' என்று அப்பாவைக் கூப்பிட்டுச் சொல்வது இன்னொரு வழி. எல்லாப் பள்ளியும் ரெண்டாவது வழியில் போவதில்லை. ராத்திரி வீடு தேடிப் போய் ஆப்சென்ட் ஆன பையனைக் கூட்டி வரும் ஆசிரியர்கள் இங்கே நிறையப் பேர். ஆனால் ரெண்டு வழியில் எதில் போனாலும் மேடையில் கிடைக்கும் பொன்னாடை ஒன்றுதான் என்றால், அந்த விருது எந்த வழியைப் பார்த்துக் கைதட்டுகிறது?

மூணு பள்ளி, ஒரு கணக்கு

கற்பனையாக மூன்று பள்ளிகளை எடுத்துக்கொள்வோம். மூன்றும் கொரட்டூர், பாடி, பட்டரவாக்கம் சுற்றுவட்டாரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். மூன்றிலும் 6-ம் வகுப்பில் 60 பேர் சேருகிறார்கள்.

முதல் பள்ளி: சேரும்போதே ஏறக்குறைய எல்லோருக்கும் சரளமாகப் படிக்கத் தெரியும். 10-ம் வகுப்பில் 60 பேர் எழுதி 60 பேரும் பாஸ். தேர்ச்சி 100 சதவீதம்.

ரெண்டாவது பள்ளி: சேரும்போது 60-ல் 35 பேருக்கு ஒரு பத்தியை எழுத்துக்கூட்டாமல் படிக்க வராது. யாரையும் வெளியே அனுப்பவில்லை. 10-ம் வகுப்பில் 60 பேரும் எழுதி 54 பேர் பாஸ். தேர்ச்சி 90 சதவீதம்.

மூன்றாவது பள்ளி: இங்கேயும் சேரும்போது அதே நிலைமை. 9-ம் வகுப்பு முடிவதற்குள் 10 பேர் நின்றுவிட்டார்கள். மீதி 50 பேர் எழுதி 50 பேரும் பாஸ். தேர்ச்சி 100 சதவீதம்.

பாராட்டு விழாவுக்கு அழைப்பு முதல் பள்ளிக்கும் மூன்றாவது பள்ளிக்கும் போகும். ரெண்டாவது பள்ளிக்குப் போவதெல்லாம், 'ஏன் 6 பேர் ஃபெயில்?' என்று கேட்டு அதிகாரி நடத்தும் மீட்டிங்குக்கான அழைப்பு. மூன்றாவது பள்ளியைவிட 4 பிள்ளைகளை அதிகமாகப் பாஸ் ஆக்கியது ரெண்டாவது பள்ளிதான் என்பது எந்த நோட்டீசிலும் வராது.

இந்தக் கணக்கைக் கொரட்டூரில் வைத்துப் பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. 1960-களில் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டை பக்கத்திலேயே இருக்கும் பகுதி இது. வேலை எங்கே கிடைக்கிறதோ அங்கே வாடகை வீடு பார்க்கும் குடும்பங்கள் அதிகம். தென் மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள், பீகார், ஒடிசாவிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் உண்டு. கம்பெனி மாறினால் வீடு மாறும், வீடு மாறினால் பள்ளி மாறும். வீட்டில் இந்தியோ ஒடியாவோ பேசும் பிள்ளை, நேராக 4-ம் வகுப்பில் வந்து உட்கார்ந்து அங்கேயே 'அ' எழுதப் பழகும். அந்தப் பிள்ளையை 8-ம் வகுப்புக்குள் தமிழில் கதை படிக்க வைத்துவிட்ட ஆசிரியர் செய்தது சாதாரண வேலை இல்லை. ஆனால் அதற்கென்று எந்தக் கேடயத்திலும் ஒரு இடம் இல்லை.

இன்னொரு பக்கம், நன்றாகப் படிக்கும் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து மாவட்ட மாதிரிப் பள்ளிக்கு அழைத்துப் போகிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு அது பெரிய வாய்ப்பு; ஐ.ஐ.டி. வரைக்கும் போகிறார்கள், சந்தோஷம். ஆனால் எட்டு வருஷம் அவர்களை வளர்த்துவிட்ட பழைய பள்ளியின் பெயர் அந்தச் செய்தியில் இருப்பதில்லை.

நிர்வாகமும் இங்கே எளிமையானது இல்லை. அம்பத்தூர் நகராட்சி 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. அம்பத்தூர் தாலுகா 2018-ல்தான் திருவள்ளூர் மாவட்டத்திலிருந்து சென்னை மாவட்டத்துக்கு வந்தது. மாநகராட்சியின் விரிவாக்கப் பகுதிகளில் இருந்த 139 அரசுப் பள்ளிகள் அதற்கும் பிறகுதான் மாநகராட்சி கைக்குப் போயின. 281 ஆக இருந்த மாநகராட்சிப் பள்ளிகள் 420 ஆயின. நிர்வாகம் கைமாறும் வருஷத்தில் ஒரு பள்ளி தடுமாறாமல் நின்றாலே அது சாதனை. அதையும் தேர்ச்சி சதவீதம் காட்டாது.

அளவுகோலே இலக்கு ஆனா...

'எதை அளக்கிறாயோ அதுதான் நடக்கும்' என்று மேனேஜ்மென்ட் வகுப்பில் சொல்வார்கள். ஆபீசில் கே.பி.ஐ. வைத்து வேலை பார்ப்பவர்களுக்கு இதன் இன்னொரு பாதி நன்றாகத் தெரியும்: அந்த எண்ணை எப்படியாவது காட்டிவிட்டால் போதும், வேலை நடந்ததா என்பது ரெண்டாம் பட்சம். பள்ளிக்கும் அதே கதைதான்.

தமிழ்நாட்டுக்கு இந்த அனுபவம் ஏற்கெனவே இருக்கிறது. ஒரு காலத்தில் ரிசல்ட் நாள் என்றால் மாநில முதலிடம், மாவட்ட முதலிடம், டி.வி.யில் பேட்டி, ஸ்வீட். 2017 மே மாதம் அப்போதைய கல்வி அமைச்சர் கே.ஏ.செங்கோட்டையன் ரேங்க் பட்டியலையே நிறுத்தினார். பிள்ளைகள் மேல் இருக்கும் அழுத்தம் ஒரு காரணம். ரேங்க்கை வைத்துப் பள்ளிகள் நடத்திய விளம்பரம் இன்னொன்று. மாணவர் ரேங்க் போனது; அந்த இடத்தில் பள்ளியின் நூறு சதவீதம் வந்து உட்கார்ந்துகொண்டது.

அதே காலகட்டத்தில் இன்னொரு பாடமும் கிடைத்தது. பிளஸ் 2 மார்க் மட்டும்தான் எல்லாவற்றுக்கும் என்பதால், பல தனியார் பள்ளிகள் பிளஸ் 1 போர்ஷனைத் தொடாமல் முதல் வருஷமே பிளஸ் 2 பாடத்தை ஆரம்பித்துவிட்டன. மார்க் வந்தது, பேனர் வந்தது. காலேஜில் முதல் வருஷக் கணக்கில் பிள்ளைகள் திணறினார்கள். அதைத் தடுக்கத்தான் 2017-18-ல் பிளஸ் 1-க்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025 ஆகஸ்ட் 8 அன்று வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அந்தத் தேர்வை மறுபடி எடுத்துவிட்டது. பிள்ளைகளுக்கு ஒரு பொதுத்தேர்வு குறைந்தது நிம்மதிதான். ஆனால் பிளஸ் 2 எண் மட்டுமே பெருமையின் அளவாக இருக்கும் வரை பழைய குறுக்குவழியும் திறந்தேதான் இருக்கும்.

வெளிநாட்டில் இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அட்லாண்டா உதாரணம். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் இருக்கும் அந்த நகரத்துப் பள்ளிகளின் தேர்வு மதிப்பெண்கள் வருஷா வருஷம் ஏறின. பள்ளித் துறைத் தலைவருக்கு 2009-ல் தேசிய அளவில் சிறந்த கண்காணிப்பாளர் விருதே கிடைத்தது. 2011-ல் மாநில அரசின் விசாரணை அறிக்கை வந்தது. 44 பள்ளிகளில் 178 கல்வியாளர்கள் விடைத்தாள் திருத்தம் உள்ளிட்ட முறைகேட்டில் தொடர்புடையவர்கள் என்றது அது. பிள்ளைகள் எழுதிய தப்பு விடைகளை ஆசிரியர்களே அழித்துச் சரியாக்கியிருந்தார்கள். 2015-ல் 11 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. எல்லோருக்கும் நஷ்டம்; அதிலும் பெரிய நஷ்டம், படிக்கத் தெரியாமலேயே 'பாஸ்' என்று சொல்லி அடுத்த வகுப்புக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகளுக்கு. உதவி தேவை என்பதே வெளியே தெரியாமல் போய்விட்டது.

முன்னேற்றத்தை அளந்து பார்த்தவர்கள்

சரி, 'ஏறிய தூரத்தை' அளக்க முடியுமா? முயற்சி பண்ணியிருக்கிறார்கள்.

அமெரிக்காவில் 1982-ல் தொடங்கிய 'புளூ ரிப்பன் பள்ளிகள்' திட்டத்தில் பின்னாளில் ரெண்டு தனித்தனிப் பிரிவுகள் இருந்தன. ஒன்று, உயர்ந்த மதிப்பெண் எடுக்கும் பள்ளிகளுக்கு. இன்னொன்று, பின்தங்கிய பிள்ளைகளுக்கும் மற்றவர்களுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைக் குறைத்த பள்ளிகளுக்கு. ரெண்டும் வேறு வேறு சாதனை என்று ஒப்புக்கொண்டதுதான் அதன் நல்ல அம்சம். 2025-ல் அமெரிக்கக் கல்வித் துறை அந்தத் திட்டத்தையே நிறுத்திவிட்டது. ஆனால் அந்த யோசனை இன்னும் பயன்படும்.

இங்கிலாந்தில் 2016-லிருந்து 'புரோகிரஸ் 8' என்று ஒரு அளவு. ஒரு பிள்ளை ஆரம்பப் பள்ளி முடிக்கும்போது எங்கே இருந்தது, 16 வயதில் எங்கே வந்திருக்கிறது, அதே இடத்தில் ஆரம்பித்த மற்ற பிள்ளைகளோடு ஒப்பிட்டால் எப்படி என்று பார்ப்பார்கள். கொரோனாவால் 2020, 2021-ல் ஆரம்பப் பள்ளித் தேர்வுகள் நடக்கவில்லை. அதனால் அந்தப் பிள்ளைகள் 16 வயதுக்கு வந்தபோது புரோகிரஸ் 8 கணக்கிடவே முடியவில்லை. தொடக்கப் புள்ளி தெரியாமல் தூரத்தை அளக்க முடியாது.

அதே இங்கிலாந்தில், பள்ளிகளை ஆய்வு செய்யும் ஆஃப்ஸ்டெட் அமைப்பு ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரே வார்த்தையில் தரம் போட்டு வந்தது. 'மிகச் சிறப்பு' என்றிருந்த தன் பள்ளி, 'போதாது' என்று இறக்கப்படப்போவது தெரிந்த ஒரு தலைமை ஆசிரியர் 2023-ல் உயிரை மாய்த்துக்கொண்டார். ஆய்வும் அதற்கு ஒரு காரணம் என்று மரண விசாரணை முடிவு சொன்னது. 2024 செப்டம்பரில் ஒற்றை வார்த்தைத் தரம் கைவிடப்பட்டது. ஒரு பள்ளியை ஒரே சொல்லில், ஒரே எண்ணில் அடைக்க நினைத்தால் அதன் பாரம் யாரோ ஒரு மனுஷர் தலையில் போய் விழும்.

முன்னேற்ற அளவிலும் ஓட்டை இருக்கு

இங்கே ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு. முன்னேற்றத்தை அளப்பது சொல்வதற்குச் சுலபம், செய்வதற்குக் கஷ்டம்.

முதலாவது, சின்னப் பள்ளிப் பிரச்சினை. 10 பேர் இருக்கும் வகுப்பில் ஒரே ஒரு பிள்ளைக்குத் தேர்வன்று காய்ச்சல் வந்தாலும் சதவீதம் 10 புள்ளி விழும். அடுத்த வருஷம் அது தானாகவே ஏறும். 'அபார முன்னேற்றம்' என்று விருதும் கிடைக்கும். வட கரோலினா மாநிலத்தின் பள்ளித் தரவுகளை ஆராய்ந்த பொருளாதார அறிஞர்கள் தாமஸ் கேன், டக்ளஸ் ஸ்டேய்கர் 2002-ல் இதையேதான் காட்டினார்கள். முன்னேற்றத்துக்கான பாராட்டுப் பட்டியலின் உச்சியில் சின்னப் பள்ளிகள் அளவுக்கு அதிகமாக இருந்தன. அடிமட்டத்திலும் அதே மாதிரி. காரணம் பெரும்பாலும் அதிர்ஷ்டம். தமிழ்நாட்டில் இருபது முப்பது பிள்ளைகளோடு ஓடும் தொடக்கப் பள்ளிகள் ஏராளம் என்பதால் இது நமக்கும் பொருந்தும்.

ரெண்டாவது, தொடக்கப் புள்ளியைப் பள்ளியே அளந்தால், அதை வேண்டுமென்றே குறைத்துக் காட்டலாம். ஜூனில் கஷ்டமான டெஸ்ட், மார்ச்சில் சுலபமான டெஸ்ட். முன்னேற்றம் தயார்.

மூன்றாவது, 'விருதே வேண்டாம், பணத்தையும் ஆசிரியரையும் கொடுங்கள்' என்ற குரல். காலிப் பணியிடத்தை நிரப்பாமல் கேடயம் கொடுத்து என்ன ஆகப்போகிறது என்ற கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் விருதுக்கு ஒரு மதிப்பு உண்டு. 'அரசுப் பள்ளி என்றால் கடைசிச் சாய்ஸ்' என்று நினைக்கும் தெருவில், அந்தப் பள்ளியின் பெயர் பேப்பரில் வருவது அட்மிஷனை மாற்றும். வருஷம் முழுக்க யாரும் கவனிக்காத வேலையைச் செய்யும் ஆசிரியருக்கு, யாரோ பார்த்தார்கள் என்பதே தெம்பு. விருதை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது தனியார் பள்ளி பேனர் மட்டும்தான். அதனால் தேவை, விருதை நிறுத்துவது இல்லை; அளவுகோலை மாற்றுவது.

என்ன பண்ணலாம்?

புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. தேவையான கருவிகள் பெரும்பாலும் கையிலேயே இருக்கின்றன.

1. தூரத்துக்கு ஒரு தனி விருது. 2025 பிப்ரவரியில் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் 3, 5, 8-ம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாநில அடைவுத் தேர்வு நடந்தது. தேர்வைப் பள்ளி நடத்திக்கொள்ளவில்லை, வெளியிலிருந்து வந்தது. அதனால் தொடக்கப் புள்ளியைக் குறைத்துக் காட்டும் வேலை இங்கே நடக்காது. அன்று 3-ம் வகுப்பில் இருந்த பிள்ளை 2027-ல் 5-ம் வகுப்பில் இருக்கும், 2030-ல் 8-ம் வகுப்பில் இருக்கும். அன்று 8-ம் வகுப்பில் இருந்த பிள்ளை 2027 மார்ச்சில் 10-ம் வகுப்புத் தேர்வு எழுதும். ஒரே பிள்ளையின் ரெண்டு புள்ளிகள் கிடைத்துவிட்டால் தூரம் தெரிந்துவிடும். அதே இடத்தில் ஆரம்பித்த மற்ற பள்ளிகளோடு மட்டும் ஒப்பிட்டால் போதும்.

2. வகுக்கும் எண்ணை மாற்ற வேண்டும். நூறு சதவீதப் பாராட்டுக்கு, 10-ம் வகுப்பில் எழுதியவர்களை எடுக்காமல் 9-ம் வகுப்புத் தொடக்கத்தில் பதிவேட்டில் இருந்தவர்களை எடுக்கலாம். 'எமிஸ்' தளத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி எண் இருக்கிறது. வேறு பள்ளிக்கு மாறிய பிள்ளை யார், படிப்பையே விட்ட பிள்ளை யார் என்று அதில் பார்த்துவிடலாம். இந்த ஒரே மாற்றம், 'டிசி வாங்கிக்கோங்க' என்று சொல்வதில் இருக்கும் லாபத்தைக் காலி பண்ணிவிடும்.

3. ஒரு வருஷத்தைப் பார்த்து முடிவு வேண்டாம். மூன்று வருஷச் சராசரியைப் பார்த்தால் அதிர்ஷ்டத்தின் பங்கு குறையும். சின்னப் பள்ளிகளைத் தனித்தனியாக எடுக்காமல் பக்கத்துப் பள்ளிகளோடு ஒரு கொத்தாக மதிப்பிடலாம். ஒரு கொத்துக்கே விருது என்றால், பள்ளிகள் போட்டி போடுவதைவிட ஒன்றுக்கொன்று உதவுவது லாபம் ஆகிவிடும்.

4. ஏன் கொடுத்தோம் என்று சொல்ல வேண்டும். விருதுப் பட்டியல் வருகிறது, போட்டோ வருகிறது. அந்தப் பள்ளி எந்த அளவுகோலில் எவ்வளவு எடுத்தது, என்ன செய்து அங்கே வந்தது என்று ஒரு பக்கம் எழுதிப் பொதுவெளியில் வைத்தால், அடுத்த ஊர் தலைமை ஆசிரியர் அதை எடுத்துச் செய்து பார்ப்பார். காப்பி அடிப்பது தேர்வில்தான் தப்பு. பாடம் நடத்தும் முறையில் இல்லை.

5. பெற்றோரும் உள்ளே வரணும். கல்வி உரிமைச் சட்டப்படி ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்கள். கழிவறையில் தண்ணீர் வருகிறதா, டீச்சர் பிள்ளையை அடிக்கிறாரா, மெதுவாகப் படிக்கிறவனை எப்படி நடத்துகிறார்கள் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். விருதுக்குப் பரிந்துரை போவதற்கு முன் அந்தக் குழுவின் கருத்தைக் கேட்பது ஒரு கூட்டத்தில் முடியும் வேலை.

6. பரிசுப் பணத்தில் ஒரு பங்கு பின்தங்கிய பள்ளிக்கும் போகட்டும். தலைமைத்துவ விருதோடு வரும் 10 லட்சம், ஏற்கெனவே நன்றாக நடக்கும் பள்ளிக்கே போகிறது. அதில் ஒரு பகுதியை வைத்து, விருது பெற்ற பள்ளி பக்கத்தில் தடுமாறும் ஒரு பள்ளியைக் கைதூக்கிவிட வேண்டும் என்று நிபந்தனை வைக்கலாம். ரெண்டு வருஷம் கழித்து அந்த ரெண்டாவது பள்ளி முன்னேறியிருந்தால், அதுதான் தலைமைத்துவம்.

இதனால் யாருக்கு என்ன?

பள்ளி விருது என்பது ஆசிரியர்களும் அதிகாரிகளும் சம்பந்தப்பட்ட விஷயம் என்று தோன்றலாம். ஆனால் எந்தப் பிள்ளையை வகுப்பில் வைத்துக்கொள்வது லாபம், எந்தப் பிள்ளையை வெளியே அனுப்புவது லாபம் என்பதைச் சத்தமில்லாமல் தீர்மானிப்பது இந்த அளவுகோல்தான். வீடு மாறி, பள்ளி மாறி, பாதி வருஷத்தில் வந்து சேரும் பிள்ளை பள்ளியின் சதவீதத்துக்கு ஒரு ஆபத்தா, இல்லை பள்ளி தன் திறமையைக் காட்டக் கிடைத்த வாய்ப்பா? இன்றைய கணக்கில் அது ஆபத்து. கணக்கை மாற்றினால் வாய்ப்பு.

அடுத்த மே மாதமும் கொரட்டூரில் பேனர்கள் வரும், அதை யாரும் தடுக்கப் போவதில்லை. ஆனால் அதே தெருவில் ஒரு அரசுப் பள்ளி வாசலில், '6-ம் வகுப்பில் 60 பேர் சேர்ந்தார்கள், 60 பேரும் 10-ம் வகுப்புத் தேர்வு எழுதினார்கள்' என்று ஒரு சின்ன போர்டு தொங்கினால், ஷேர் ஆட்டோவுக்கு நிற்கும் அந்த அப்பா அம்மாவுக்கு அதுவும் ஒரு முக்கியமான தகவல். அந்த போர்டை மாட்டும் பள்ளிக்கு அரசு முதல் கேடயத்தைக் கொடுக்கட்டும்.